கொல்லாத கோழிச் சீக்கு

பிற்பகல் வகுப்பில் கண்ணைச் செருகிக்கொண்டு தூங்கி விழும் பையனைப் பார்த்து, "என்னடா, சீக்குக் கோழி மாதிரி உட்கார்ந்திருக்கிறாய்?" என்று கேட்காத உபாத்தியாயர் தமிழ் நாட்டில் இருக்க மாட்டார். நானும் இருபது வருஷமாகக் கேட்டு வந்தவன்தான். ஆனால் அந்தக் கோழிக்கு வந்த சீக்கு எது, அது எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று ஒரு நாளாவது நான் யோசித்ததில்லை. சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு மார்கழி மாதத்தில், என்னை யோசிக்க வைத்தவை அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஓர் ஆச்சியின் கோழிகள்.

ஆச்சிக்குப் பன்னிரண்டு நாட்டுக் கோழிகள். அவைதாம் அவளுக்கு நன்செய், புன்செய் எல்லாம். முட்டை விற்ற காசில்தான் வெற்றிலை பாக்கும் வாங்க வேண்டும். மின்சாரக் கட்டணமும் கட்ட வேண்டும். ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட என்னை அவள் வழிமறித்தாள்.

"வாத்தியாரையா, கோழி எல்லாம் தும்மிக்கிட்டுக் கெடக்கு. தீனி எடுக்க மாட்டேங்கு. மூணு நாளா ஒரு முட்டையைக் காணோம். என்ன செய்யச் சொல்லுதிய?"

பார்த்தேன். இரண்டு பெட்டைகளுக்கு முகம் சற்று வீங்கியிருந்தது. மூக்கிலும் கண்ணிலும் நீர் கசிந்தது. ஆனால் ஒன்றாவது சாகவில்லை. எனக்கு மணி ஆகிவிட்டது. "செத்துப் போவதற்கு முன்னால் சந்தைக்கு அனுப்பிவிடுங்கள், ஆச்சி. கிடைத்த வரையில் லாபம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். பட்டம் பெற்றவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஆச்சி நம்பினாள். நான்கு பெட்டைகள் கோழி வியாபாரியின் கூடையில் ஏறி வாரச் சந்தைக்குப் போயின.

மூன்று வாரம் கழித்து, ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வரும் ஒரு மாணவன் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. காரணம் கேட்டேன். "வீட்டுக் கோழி எல்லாம் சீக்கு, ஸார். அம்மைக்கு ஒத்தாசையா இருந்தேன். சந்தையிலே வாங்கினோமே, காலில் செவப்புக் கயிறு கட்டின பெட்டை, அதுதான் முதல்ல தும்மிச்சு" என்றான். தன் கோழி தெரு மாறிப் போனால் அடையாளம் காண்பதற்காகக் காலில் சிவப்புக் கயிறு கட்டுவது எங்கள் தெரு ஆச்சியின் வழக்கம். எனக்குச் சுரீர் என்றது.

அன்று வந்த நோய் இன்னது என்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. கோழிகளின் தும்மலுக்கும் இருமலுக்கும் காரணங்கள் பல உண்டு. 1920-களின் பிற்பகுதியில் குமாவூன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டு அந்த ஊரின் பெயரையே பெற்ற, நம் ஜனங்கள் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் நோயின் லேசான வகைகள் அவற்றில் ஒன்று. வேறு சில சுவாச நோய்களும் உண்டு. அவற்றோடு சேர்த்துக் கால்நடை வைத்தியர்கள் சந்தேகிக்கும் மற்றொன்று, சாதுவான பறவைக் காய்ச்சல். நோய் எதுவானாலும் ஆச்சியின் கோழி போன வழி ஒன்றுதான். அந்த வழியைப் பற்றியே இங்கே சொல்லப்போகிறேன்.

ஒரே குலத்தில் இரண்டு குணம்

பறவைக் காய்ச்சல் என்றவுடன் நம் மனக்கண் முன் நிற்பது, 2006-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் நடந்தது போன்ற காட்சி. இந்தியாவில் கொடிய பறவைக் காய்ச்சல் முதன்முதலாக வெளிப்பட்ட இடம் அது. பண்ணை பண்ணையாகக் கோழிகள் செத்து விழுந்தன. எஞ்சியவற்றையும் சர்க்கார் ஆட்கள் அழித்துப் புதைத்தார்கள். ஆலப்புழையிலும் கோட்டயத்திலும் வாத்துகள் மடிந்த 2014, 2021 ஆகிய ஆண்டுகளில், செங்கோட்டைக்கு அப்பாலுள்ள புளியரைச் சோதனைச் சாவடியில் கோழி வண்டிகள் நிறுத்தப்பட்டதை நம் பக்கத்து ஜனங்கள் கண்ணாலேயே கண்டிருக்கிறார்கள்.

இந்த நோயை 1878-இல் இத்தாலியில் பெரோன்சிட்டோ என்ற அறிஞர் தனி நோயாக விவரித்தார். அது மனிதருக்கு வரும் இன்புளுயன்ஸா ஜுரத்தின் பங்காளியே என்பது 1955-இல்தான் தெரிய வந்தது. அந்தக் குலத்தில் உபகுலங்கள் பல. வைரஸின் மேற்புறத்திலுள்ள முட்களில் இரண்டு தினுசு. ஒன்றை 'எச்' என்றும் மற்றொன்றை 'என்' என்றும் விஞ்ஞானிகள் குறித்து, அவற்றுக்கு எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். நவாப்பூரில் வந்தது எச்5 என்1. நான் சொல்ல வந்த சாதுவான ரகங்களில் நம் தேசத்தில் பெரிதும் பரவியிருப்பது எச்9 என்2. அது 1966-இல் அமெரிக்காவிலுள்ள விஸ்கான்ஸினில் வான்கோழிகளில் முதலில் அறியப்பட்டது. பிற்பாடு ஆசியா முழுவதும் கோழிகளிடையே நிலைத்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இந்தியக் கோழிகளிலும் காணப்பட்டு வருகிறது.

ஒன்று கொல்லுகிறது, மற்றொன்று தும்ம வைப்பதோடு விட்டுவிடுகிறது. இந்த வித்தியாசம் ஏன்? நம் கால்வாய்ப் பாசனத்தைக் கொண்டு விளக்குகிறேன். வைரஸ் ஓர் உயிரணுவுக்குள் நுழைய வேண்டுமானால் அதன் 'எச்' முள்ளை ஒருவகைப் புரதம் இரண்டாக வெட்டிக் கொடுக்க வேண்டும். மடை திறந்தால்தானே வயலில் தண்ணீர் பாயும்? சாதுவான வைரஸுக்கு வேண்டிய வெட்டுப் புரதம் கோழியின் மூச்சுக் குழலிலும் குடலிலுமே இருக்கிறது. ஆகவே அந்த இரண்டு வயல்களில் மட்டும் அது பாய்கிறது. கொடிய வைரஸின் முள்ளோ உடம்பில் எங்கும் உள்ள வேறொரு புரதத்தால் வெட்டுப்படக் கூடியது. எல்லா மடையும் அதற்குத் திறக்கிறது. மூளை, இருதயம், ஈரல் ஆகிய எல்லாவற்றிலும் புகுந்து இரண்டொரு நாளில் கோழியைக் கொன்றுவிடுகிறது.

ஆனால் சாது என்ற பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. மூச்சுக் குழல் புண்பட்டிருக்கும் சமயம் பார்த்து வேறு நுண்கிருமிகள் புகுந்துகொண்டால், இந்த நோயிலும் கோழிகள் சாவதுண்டு. முட்டையிடும் பண்ணைகளில் முட்டை சட்டென்று குறையும். ஓடு மெலிந்தும் கோணியும் போகும். 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 2010 முதல் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து முட்டை கிடைக்கிறது. நாமக்கல் பண்ணைகளில் கோழி தும்மினால் அம்பாசமுத்திரத்துப் பள்ளிக்கூடத் தட்டு வரையில் அது எட்டாது என்று யார் சொல்ல முடியும்?

நண்டு வளைக் கசிவு

தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் ஊரே திரண்டு கரைக்கு ஓடுகிறது. நதியுண்ணிக் கால்வாய்க் கரையில் ஒரு நண்டு வளை வழியாகத் தண்ணீர் கசிந்தால் யார் கவனிக்கிறார்கள்? கொடிய பறவைக் காய்ச்சல் வெள்ளம். சாதுவான காய்ச்சல் நண்டு வளைக் கசிவு. கோழி சாவதில்லை, ஆகையால் எவரும் அஞ்சுவதில்லை. அஞ்சாததால் எவரும் தடுப்பதில்லை. தடுக்காததால் அது போய்க்கொண்டே இருக்கிறது. செத்த கோழி சந்தைக்கு நடக்காது. தும்முகிற கோழிதான் போகும். அது கொல்லாமல் இருப்பதே அது பரவுவதற்கு முதல் காரணம்.

இந்தக் கசிவின் பாதையைப் படிப்படியாகப் பார்ப்போம். நோய் கண்ட கோழியின் மூச்சிலும் மூக்கு நீரிலும் எச்சத்திலும் வைரஸ் வெளிப்படுகிறது. கோழி சோர்ந்து உட்காருவதற்கு முன்பே இது தொடங்கிவிடுகிறது. சில கோழிகளோ கடைசி வரை நோயின் குறியே காட்டாமல் மற்றவற்றுக்குக் கொடுக்கின்றன. ஒரே கொட்டிலில் நெருங்கி இருக்கும் கோழிகளுக்குத் தும்மலின் நுண்துளியும் தூசியுமே போதும்.

அடுத்தது தண்ணீர்ச் சட்டி. வீட்டுக் கோழிகள் எல்லாம் ஒரே சட்டியில் மூக்கை நனைத்துக் குடிக்கின்றன. ஒன்று விட்டதை மற்றவை எடுத்துக்கொள்கின்றன. குளிர்ந்த, நிழலான தண்ணீரில் இந்த வைரஸ் வாரக்கணக்கில் உயிர்த்திருக்கும். நல்ல வெயிலும் வறட்சியும் அதற்கு ஆகா. மார்கழி, தைப் பனியில் சீக்கு மிகுவதாக நம் பெரியவர்கள் சொல்வதில் இந்த உண்மையும் அடங்கியிருக்கிறது.

மூன்றாவது, நாம். எச்சத்தை மிதித்த செருப்பு, தீவனச் சாக்கு, கூண்டு, வண்டிச் சக்கரம், கோழியைப் பிடித்த கை ஆகிய இவை யாவும் வைரஸுக்கு வாகனங்கள். பண்ணைக்குப் பண்ணை கைமாறும் முட்டைத் தட்டுகளைச் சற்று யோசித்துப் பாருங்கள். காகிதக் கூழால் செய்த அந்தத் தட்டைக் கழுவவும் முடியாது. எச்சம் ஒட்டிக்கொண்டால் அது ஒட்டினபடியே ஊர் ஊராகப் பிரயாணம் செய்யும். கோழிக்கு வேலி உண்டு. கோழிக்காரனின் செருப்புக்கு வேலி கிடையாது.

நான்காவதாக, எல்லாவற்றுக்கும் மேலாக, உயிர்க்கோழிச் சந்தை. நூறு வீட்டுக் கோழிகள் ஒரு நாள் ஓரிடத்தில் கூடுகின்றன. கூண்டின் மேல் கூண்டை அடுக்குகிறோம். மேல் கூண்டின் எச்சம் கீழ்க் கூண்டில் விழுகிறது. மாலையில் விற்காத கோழிகள் தங்கள் ஊருக்கே திரும்பிவிடுகின்றன. காலையில் சுகமாக வந்த கோழி, ராத்திரி வீடு திரும்பும்போது கூட ஒரு விருந்தாளியை அழைத்துக்கொண்டு போகிறது.

சந்தையைச் சீர் செய்தால் பலன் உண்டு என்பதற்கு ஹாங்காங் அனுபவம் சாட்சி. அங்கே 2001-ஆம் ஆண்டிலிருந்து மாதம் ஒரு நாள் சந்தைகளை மூடி, எல்லாக் கோழிகளையும் அப்புறப்படுத்தி, கடைகளைக் கழுவிக் காயவிட்டார்கள். காடையைக் கோழியோடு சேர்த்து விற்பதை நிறுத்தினார்கள். 2008-இல் இரவில் உயிர்க்கோழியைக் கடையில் வைத்திருப்பதையே தடுத்தார்கள். இவற்றால் சந்தைக் கோழிகளில் எச்9 என்2 வைரஸ் காணப்படுவது வெகுவாகக் குறைந்தது. பெரிய மருந்து ஒன்றுமில்லை. தண்ணீர், துடைப்பம், ஒரு நாள் விடுமுறை, அவ்வளவுதான்.

கொக்கின் மேல் பழி

கோழிக்குச் சீக்கு என்றால் உடனே வானத்தைப் பார்த்து, "இந்தக் கொக்கும் நாரையும்தான் கொண்டுவந்தன" என்று சொல்லுவோர் உண்டு. நம் பக்கத்தில் இந்தப் பேச்சு மிகவும் கவலைக்குரியது. கடனா நதி தாமிரபரணியோடு கலக்கும் திருப்புடைமருதூரில், நாறும்பூநாத சுவாமி கோயிலைச் சுற்றியுள்ள மரங்களில் ஆண்டுதோறும் பறவைகள் வந்து கூடு கட்டுகின்றன. அவற்றைக் காத்து வந்தவர்கள் அவ்வூர் ஜனங்கள்; 2005-இல் அரசாங்கமும் அதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தது. நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரங்களில் கூடு கட்டும் நாரைகளை ஊரார் செல்வப் பிள்ளைகளைப் போல் பாதுகாக்கிறார்கள்.

இன்புளுயன்ஸா வைரஸ்களின் ஆதி வீடு நீர்ப்பறவைகளின் குடல்தான் என்பது உண்மை. கொடிய காய்ச்சலை அவை தூரதேசங்களுக்குச் சுமந்து சென்றதும் உண்டு. ஆனால் நம் கோழிகளில் இன்று குடிகொண்டிருக்கும் எச்9 என்2, கோழிக்கென்றே தன்னைப் பழக்கிக்கொண்ட வைரஸ். அது ஒரு பண்ணையிலிருந்து மறு பண்ணைக்கும், சந்தையிலிருந்து வீட்டுக்கும் போவது சிறகின் மேல் அல்ல, சக்கரத்தின் மேல். ஆகவே கூட்டைக் கலைப்பதால் பாவம் வருமே தவிர, பலன் வராது. கோழிகளையும் வாத்துகளையும் கொக்கு மேயும் குளத்தங்கரையிலும், அறுவடையான வயலில் மேய வரும் வாத்து மந்தையோடும் கலக்கவிடாமல் பார்த்துக்கொள்வதே விவேகம்.

சாதுவிடம் ஏன் பயம்?

"தும்மிவிட்டுத்தானே போகிறது? இதற்கு இவ்வளவு பிரசங்கமா?" என்று கேட்கலாம். மூன்று காரணங்கள் சொல்லுகிறேன்.

முதலாவது, எல்லாச் சாதுக்களும் சாதுவாகவே இருந்துவிடுவதில்லை. 1983-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாகாணத்துக் கோழிகளில் எச்5 என்2 என்ற வைரஸ் லேசான நோயாகப் புகுந்தது. ஆறு மாதம் கோழிக்குக் கோழி பரவிக்கொண்டிருந்தது. அக்டோபரில் மிகச் சிறிய ஒரு மாறுதலால் அதே வைரஸ் எமனாகிவிட்டது. அதை ஒழிப்பதற்குள் சுமார் 1.7 கோடிப் பறவைகளை அழிக்க வேண்டியதாயிற்று. இயற்கையில் இப்படிக் கோர ரூபம் எடுத்தவை எச்5, எச்7 என்ற இரண்டு வகுப்புகளே. எச்9 அந்த வகுப்பைச் சேர்ந்ததல்ல. ஆனால் தும்மலைக் கேட்டு, "இது எச்9, இது எச்5" என்று சொல்லக் கூடியவர் யார்? பரிசோதனைச் சாலை ஒன்றுதான் சொல்ல முடியும்.

இரண்டாவது, இந்தச் சாது கடன் கொடுப்பதில் தாராளமானது. இரண்டு இன்புளுயன்ஸா வைரஸ்கள் ஒரே கோழியின் உயிரணுவில் சந்தித்தால் தங்கள் மரபுக்கூறுகளை மாற்றிக்கொள்ளும். 2013-இல் சீனாவில் தோன்றிய எச்7 என்9 வைரஸின் உள்ளுறுப்பு மரபுக்கூறுகள் எச்9 என்2-விடம் வாங்கிய கடன். அந்தப் புது வைரஸ் கோழியிடம் நோயே காட்டவில்லை. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் 1,500-க்கு மேற்பட்ட மனிதரைத் தாக்கி, அவர்களில் சுமார் 600 பேரின் உயிரைக் குடித்தது.

மூன்றாவது, எச்9 என்2 மனிதரையும் எப்போதாவது தொடுகிறது. 2019-இல் மகாராஷ்டிரத்து மேல்காட் பகுதியில் பதினேழு மாதக் குழந்தை ஒன்றுக்கு இது வந்திருந்ததைப் புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டார்கள். 2024-இல் மேற்கு வங்காளத்து நான்கு வயதுக் குழந்தை ஒன்றுக்கு இந்த நோய் கண்ட செய்தியை உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்டது. இரு குழந்தைகளும் பிழைத்துக்கொண்டன. இதனால் பீதி கொள்ளக் காரணமில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கு அது தொடர்ந்து பரவக் காணோம். நன்றாக வெந்த கோழிக் கறியிலும் முட்டையிலும் வைரஸ் உயிரோடிராது. ஆயினும் சீக்குக் கோழியின் அருகே குழந்தையை விளையாட விடுவது சரியல்ல என்பதற்கு இவ்விரண்டு சம்பவங்களே போதும்.

பரிகாரம்

போபாலிலுள்ள நம் தேசத்து ஆராய்ச்சி நிலையம் எச்9 என்2-க்கு நம் நாட்டு வைரஸைக் கொண்டே தடுப்பு மருந்து ஒன்றை உருவாக்கி, 2022-இல் அதன் தயாரிப்பு முறையை இந்திய மருந்துக் கம்பெனிகளுக்கு அளித்திருக்கிறது. இது பெருமைப்படத் தக்க விஷயம். ஆனால் மருந்து நோயின் கடுமையைக் குறைக்குமே அன்றி, வைரஸ் புகுவதை முற்றிலும் தடுத்துவிடாது. ஊசி போட்ட கோழியும் கொஞ்சம் பரப்பக் கூடும். ஆகையால் ஊசி போட்டுவிட்டோம் என்று வாசலைத் திறந்துவைக்கலாகாது.

வீட்டில் பத்துக் கோழி வளர்ப்பவர்களுக்கு வேண்டியவை சில பழக்கங்களே. வெளியிலிருந்து வாங்கிய கோழியையும், சந்தையில் விற்காமல் திரும்பிய கோழியையும் பதினான்கு நாள் தனிப் பஞ்சாரத்தில், தனிச் சட்டியில் தண்ணீர் வைத்துக் காக்க வேண்டும். சுகமான கோழிக்கு முதலில் தீனி போட்டு, சீக்குக் கோழியிடம் கடைசியில் போக வேண்டும். தண்ணீர்ச் சட்டியைத் தினம் கழுவி வெயிலில் கவிழ்க்க வேண்டும். இந்த வைரஸுக்கு மேலே ஒரு கொழுப்புச் சட்டை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும். 2020-இல் கொரோனாக் காலத்தில் நம் பிள்ளைகள் படித்த கை கழுவும் பாடம் இங்கேயும் உதவும். பல கோழிகள் ஒரே சமயம் தும்மினாலும், முட்டை சட்டென்று நின்றாலும் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். திருநெல்வேலிக்கு அருகே இராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் நமக்கு இருக்கிறது.

இவ்வளவையும் படித்து அறிந்துகொண்டு ஆச்சியிடம் போனேன். என் புத்திமதியால் அக்கரையில் ஒரு வீட்டுக் கோழிகள் நோயில் விழுந்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி ஐயா, இனி விக்கலை. ஆனா அந்தப் பதினஞ்சு நாள் முட்டைக் காசை எனக்கு யாரு தருவா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. சர்க்கார் நஷ்ட ஈடு கொடுப்பது கொடிய காய்ச்சலுக்காகக் கோழியை அழிக்கும்போதுதான். தும்முகிற கோழியை விற்காமல் வைத்திருக்கும் ஏழைக்கு எவரும் எதுவும் தருவதில்லை. சீக்குக் கோழியை விற்பவர்கள் எல்லோரும் மோசக்காரர்கள் அல்லர். பெரும்பாலோர் கையில் காசில்லாதவர்கள். ஊராட்சியோ, சங்கமோ, அண்டை அயலாரோ அந்தப் பதினைந்து நாளைத் தாங்க வழி செய்யாத வரையில் என்னைப் போன்றவர்களின் உபதேசம் பாதி உபதேசந்தான். ஆச்சியிடம் இதை ஒப்புக்கொண்டேன்.

அக்கரைப் பையனின் வீட்டுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தனுப்பினேன். அவன் தாயார் வாங்க மறுத்துவிட்டாள். செய்தி ஆச்சியின் காதுக்கு எட்டியது. பங்குனியில் அவளுடைய பெட்டை ஒன்று குஞ்சு பொரித்திருந்தது. குஞ்சுகள் தாயை விட்டுப் பிரியும் பருவம் வந்ததும் நான்கை ஓர் ஓலைப் பெட்டியில் வைத்து, "அந்தப் பயகிட்டே கொடுங்க. பணம்னாத்தானே வேண்டாம்பா?" என்றாள்.

ஒரு சனிக்கிழமை மாலை ஆற்றைக் கடந்து அவன் வீட்டுக்குப் போனேன். குஞ்சுகள் மற்றக் கோழிகளோடு இல்லை. கொல்லையின் மறுகோடியில் தனிப் பஞ்சாரத்தில் இருந்தன. பக்கத்துச் சுவரில் கரிக்கட்டியால் வரிசையாகக் கோடுகள் போட்டிருந்தான். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது கோடுகள். "இன்னும் அஞ்சு நாள் இருக்கு, ஸார்" என்று சொல்லிவிட்டு, அவன் சோப்பை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனான்.